டச் 91 வந்துவிட்டது, சரி, காசு அசல்தானா?

வெள்ளி அசலா என்பது ஒரு கேள்வி. காசு அசலா என்பது வேறு கேள்வி. பழைய வெள்ளி ரூபாய் வாங்கி ஏமாறுகிறவர்களில் பலர், முதல் கேள்விக்குப் பதில் கிடைத்ததுமே நிம்மதியாகி இரண்டாவதைக் கேட்காமல் விட்டவர்கள்தான்.

சென்னை சவுக்கார்பேட்டையில் வெள்ளிக்கு டச் பார்க்கும், அதாவது நூற்றுக்கு எத்தனை பங்கு வெள்ளி என்று சோதிக்கும் கடையில் வேலை செய்கிறேன். கொலுசு, குத்துவிளக்கு, பூஜைத் தட்டு என்று வருகிறவற்றோடு ராஜா தலை, ராணி தலை ரூபாய்களும் மேஜைக்கு வரும். மெஷினில் வைத்தால் நிமிடத்தில் சீட்டு வந்துவிடும். சீட்டில் 91 என்று இருந்தால் கொண்டுவந்தவர் முகம் மலர்ந்துவிடும். அந்த எண் உலோகத்தைப் பற்றி மட்டும்தான் பேசுகிறது. இன்று நல்ல வெள்ளியிலேயே போலி அடிக்கிறார்கள். வெள்ளி விலைக்கும் அபூர்வக் காசின் விலைக்கும் நடுவே இருக்கும் இடைவெளிதான் அவர்களுக்கு லாபம். அதனால், காசை எப்படிப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தெரிந்ததை வரிசையாகச் சொல்கிறேன். பிரிட்டிஷ் இந்திய ரூபாயை வைத்தே பெரும்பாலும் சொல்லப்போகிறேன். நம் வீடுகளில் இருப்பதும், கடைத்தெருவில் கிடைப்பதும் அதுதான்.

முதலில் ஒரு வேண்டுகோள். காசைத் தேய்க்காதீர்கள். புளி, விபூதி, பற்பசை எதுவும் வேண்டாம். உரைகல்லில் உரசுவதும் ஆசிட் சொட்டு வைப்பதும் நகைக்குச் சரி, காசுக்குக் கூடாது. அசலாக இருந்தால் அதன் மதிப்பில் பெரும்பங்கு அந்த நிமிடமே போய்விடும். விளிம்பைப் பிடித்துத் தூக்குங்கள், கீழே ஒரு மெத்தென்ற துணி விரித்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், எந்தக் கருவியும் எடுப்பதற்கு முன்னால் காசைப் படியுங்கள். தலை யாருடையது, பட்டம் என்ன, வருடம் எது. இந்த மூன்றும் ஒன்றோடொன்று பொருந்துகிறதா என்று பார்த்தாலே நிறையப் போலிகள் அங்கேயே விழுந்துவிடும். 1835-இல் கிழக்கிந்தியக் கம்பெனி ஒரே மாதிரி ரூபாயை அடிக்க ஆரம்பித்தது. அதில் நான்காம் வில்லியம் தலை. பெயருக்குப் பின்னால் ரோமன் நான்கை நான்கு நேர்கோடுகளாகவே போட்டிருப்பார்கள். அதைப் பிழை என்று நினைத்து நல்ல காசை ஒதுக்கியவர்கள் உண்டு. அடுத்து 1840 போட்ட விக்டோரியா. 1862-இல் கம்பெனி பெயர் போய் அரசியின் ஆட்சிக் காசு வந்தது. இங்கேதான் ஒரு முக்கியமான விஷயம்: அந்த 1862 என்ற வருடத்தை மாற்றாமலே 1874 வரும்வரை அடித்துக்கொண்டிருந்தார்கள். ஆகவே 1866, 1870 என்றெல்லாம் வருடம் போட்ட விக்டோரியா ரூபாய் உங்களிடம் நீட்டப்பட்டால், எடை பார்க்கவே தேவையில்லை. 1877 முதல் 'அரசி' என்ற பட்டம் 'பேரரசி' ஆகிறது. எட்வர்டு தலை ரூபாய் 1903 முதல் 1910 வரை. ஐந்தாம் ஜார்ஜ் 1911-இல் தொடங்கி 1922 வரை வருடாவருடம் வந்தார். 1923-இலிருந்து 1935 வரை வருடம் போட்ட ஜார்ஜ் ரூபாய் புழக்கத்துக்கு வரவே இல்லை. 1925 என்று ஒன்று வந்தால் அது யாரோ ஆசைப்பட்டு அடித்தது. இந்த வருடங்களை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிப் பர்ஸில் வைத்துக்கொண்டு பர்மா பஜார் பக்கம் போங்கள்.

அடுத்தது எடை. ரூபாயின் எடை 180 கிரெய்ன், அதாவது 11.66 கிராம். அதுவே ஒரு தோலா. மருந்துக் கடையிலும் மளிகையிலும் பெரியவர்கள் 'ஒரு ரூபாய் எடை' என்று சொன்னது இந்தக் கணக்கைத்தான். இரண்டு தசமம் காட்டும் சின்ன டிஜிட்டல் தராசு போதும். புழங்கித் தேய்ந்த காசு 11.4, 11.5 என்று காட்டலாம், அதில் தப்பில்லை. ஆனால் எழுத்தும் மீசையும் கூர்மையாக, தேய்மானமே இல்லாமல் இருக்கும் காசு 11.2 காட்டினால் அது கேள்விக்குரியது. தேய்ந்த காசு 11.8 காட்டினாலும் அப்படியே. எடையும் தேய்மானமும் ஒரே கதையைச் சொல்ல வேண்டும். விட்டம் 30.5 மில்லிமீட்டரை ஒட்டி இருக்கும். வெர்னியர் இருந்தால் அளந்து பாருங்கள். இல்லாவிட்டால், நிச்சயமாக அசல் என்று தெரிந்த மலிவான ஒரு ஜார்ஜ் ரூபாயை வாங்கி வைத்துக்கொண்டு அதன்மேல் இதை அடுக்கிப் பாருங்கள். வார்ப்பில் ஊற்றிய காசு ஆறும்போது சுருங்கும். அசலிலிருந்து எடுத்த அச்சு என்பதால் அசலைவிட ஒரு நூல் சின்னதாக இருக்கும். அந்தக் குறையை எடையில் மறைக்கக் கொஞ்சம் தடிமனாக ஊற்றியிருப்பார்கள். இரண்டையும் பக்கத்தில் நிறுத்தினால் தடிமன் தெரிந்துவிடும்.

இப்போது தண்ணீர்ச் சோதனை. வீட்டிலேயே செய்யலாம், காசுக்குக் கெடுதல் இல்லை. தராசின் மேல் பாதி டம்ளர் தண்ணீர் வைத்து, எண்ணைப் பூஜ்யமாக்குங்கள். காசை மெல்லிய நூலில் கட்டித் தண்ணீருக்குள் இறக்குங்கள். முழுதாக மூழ்க வேண்டும், அடியிலும் பக்கத்திலும் தொடக் கூடாது. காசில் காற்றுக்குமிழ் ஒட்டியிருந்தால் லேசாக ஆட்டி விடுங்கள். இப்போது தராசு காட்டும் எண், காசு ஒதுக்கிய தண்ணீரின் எடை. காசின் எடையை அந்த எண்ணால் வகுத்தால் அடர்த்தி. 11.66 கிராம் ரூபாய், அதன் வழக்கமான தரமான நூற்றுக்கு 91.7 வெள்ளியாக இருந்தால், தண்ணீர் 1.13 என்று காட்டும், அடர்த்தி 10.3 வரும். ஜெர்மன் சில்வர் என்கிறார்களே, வெள்ளியே இல்லாத அந்தக் கலவையில் அதே எடைக்குச் செய்திருந்தால் 1.3-ஐத் தாண்டிவிடும். ஈயம் கலந்தால் எண் கீழே இறங்கும். 0.1 கிராம் மட்டும் காட்டும் சமையலறைத் தராசில் இந்த வித்தியாசம் பிடிபடாது, அதனால் தராசில் கஞ்சத்தனம் வேண்டாம்.

காந்தம், சத்தம் இரண்டையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். காந்தத்தில் ஒட்டினால் போலி. ஒட்டாவிட்டால் எதுவும் நிரூபணமாகவில்லை. செம்பும் பித்தளையும் கூட ஒட்டாது. சுண்டிவிட்டால் நல்ல வெள்ளி நீளமாகக் கணீரென்று ஒலிக்கும். ஆனால் மயிரிழை விரிசல் விழுந்த அசலும் மொட்டையாகத்தான் கேட்கும்.

டச் மெஷினுக்கு வருகிறேன். அது காசின் மேல்தோலை மட்டும்தான் படிக்கிறது. கனமாக வெள்ளி முலாம் பூசியதை மெஷின் வெள்ளி என்றே சொல்லும். அதைக் காட்டிக்கொடுப்பது தண்ணீர்ச் சோதனைதான். பழைய காசுகளின் மேற்பரப்பில் செம்பு கொஞ்சம் போய் வெள்ளி கூடுதலாக நிற்பதும் உண்டு, 91.7-க்குப் பதில் 93 வந்தால் பதற வேண்டாம். இதைவிட முக்கியம், 1940 முதல் 1945 வரையிலான ஆறாம் ஜார்ஜ் ரூபாய். யுத்த காலத்தில் வெள்ளித் தட்டுப்பாட்டால் வெள்ளியைப் பாதியாகக் குறைத்தார்கள்: 50 பங்கு வெள்ளி, 40 செம்பு, 5 நிக்கல், 5 துத்தநாகம். அந்தக் காசுக்கு டச் 50 வருவதுதான் சரி. தண்ணீரில் 1.22 காட்டும். 'போலிங்க, பாதிதான் வெள்ளி' என்று சொல்லி அடிமாட்டு விலைக்குக் கேட்பவர்களிடம் பாட்டி வைத்துவிட்டுப் போன ரூபாய்களைக் கொடுத்துவிடாதீர்கள். அதே 1943 காசு 92 டச் காட்டினால்தான் உட்கார்ந்து யோசிக்க வேண்டும்.

இதுவரை சொன்னதெல்லாம் உலோகம். காசு அசலா என்பதற்கான பதில் லென்ஸில்தான் இருக்கிறது. நகை ஆசாரிகள் வைத்திருக்கும் பத்து மடங்கு லென்ஸ் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். வெளிச்சம் ஒரு பக்கத்திலிருந்து சாய்வாக விழட்டும், காசை மெதுவாகத் திருப்புங்கள்.

முதலில் எழுத்துகளுக்கும் தலைக்கும் நடுவே இருக்கும் வெற்று இடத்தைப் பாருங்கள். அச்சில் அடிபட்ட காசில் அந்த இடம் இறுகி, தேய்ந்திருந்தாலும் சீராக இருக்கும். வார்ப்புக் காசில் ஊசி முனையளவு குழிகள் இருக்கும், அல்லது சின்னச் சின்ன மணிகள் எழும்பி நிற்கும். குழி விழ அரிப்பும் காரணமாகலாம். மணி எழும்ப வார்ப்புதான் பெரும்பாலும் காரணம். பிறகு எழுத்தின் ஓரம். அசலில் எழுத்து தரையிலிருந்து செங்குத்தாக எழும்பும். வார்ப்பில் ஓரமெல்லாம் கரைந்து, பாதி கரைந்த சோப்பில் இருக்கும் எழுத்து போல மழுங்கி நிற்கும். தேய்மானத்தையும் மழுங்கலையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. தேய்மானம் உயரமான இடங்களைத்தான் முதலில் தின்னும்: ராஜாவின் கன்னம், புருவம், காதோரம், கிரீடத்தின் மேல்பகுதி. பள்ளத்தில் இருக்கும் அங்கி மடிப்புகள் அப்போதும் தெளிவாக இருக்கும். மேடும் பள்ளமும் ஒரே அளவில் மங்கலாக இருந்தால் அது புழங்கித் தேய்ந்த காசு இல்லை.

விளிம்பைத் திருப்பி முழுச் சுற்றும் பாருங்கள். பல் வரிசை ஒரே ஆழத்தில், ஒரே இடைவெளியில் ஓட வேண்டும். எங்காவது பல் அழிந்து அரம் போட்ட கோடுகள் தெரிந்தால், வார்ப்பில் உலோகம் ஊற்றிய வழியில் ஒட்டி நின்ற காலை வெட்டிய இடமாக இருக்கலாம். அல்லது ஒரு காலத்தில் காசுமாலையில் கோக்க வளையம் பற்றவைத்து, பிறகு எடுத்திருக்கலாம். இரண்டாவது வகைக் காசு அசல்தான். விலை மட்டும் குறையும். பற்று வைத்த இடத்தில் வெள்ளியின் நிறம் கொஞ்சம் மாறி, சுற்றிலும் மங்கலான வளையம் தெரியும். பாதி வெள்ளி ரூபாய்களில் விளிம்பு வேறு மாதிரி: பல்லுக்கு நடுவே பள்ளம் ஓடி, அதற்குள் வேலைப்பாடு இருக்கும். கள்ளக்காசு அடிப்பவர்களைத் தடுக்கத்தான் 1940-இல் அதைக் கொண்டுவந்தார்கள்.

கடைசியாக வருடத்தின் எண்கள். இதில்தான் பெரிய விளையாட்டு நடக்கிறது.

ஒரு பையன் 1911 ரூபாய் ஒன்றைக் கொண்டுவந்தான். நடைபாதையில் நல்ல விலை கொடுத்து வாங்கியது. "அண்ணே, டச் பாத்துச் சொல்லுங்க" என்றான். 91-க்கு மேல் வந்தது. எடை 11.6. விளிம்பு அருமை. வெற்று இடம் சுத்தம். வார்ப்புக்கான அடையாளம் எதுவுமே இல்லை. அவனுக்குச் சந்தோஷம். நான் லென்ஸை ராஜாவின் தோளுக்கு நகர்த்தினேன்.

1911 ரூபாய் ஏன் அபூர்வம் என்பது தெரிந்தால்தான் இது புரியும். ஐந்தாம் ஜார்ஜின் அங்கியில் போட்டிருக்கும் மாலையில் ஒரு குட்டி யானை உண்டு. முதல் வருட அச்சில் அதன் தும்பிக்கை குட்டையாக விழுந்து, பார்க்கப் பன்றி மாதிரி இருந்தது. பெரிய எதிர்ப்புக் கிளம்பியது. சுமார் 94 லட்சம் அடித்ததில் ஏறக்குறைய 7 லட்சம்தான் வெளியே போயிருந்தது. மிச்சத்தை நிறுத்தி உருக்கிவிட்டார்கள். 1912-இலிருந்து யானைக்குத் தெளிவான தும்பிக்கை வைத்த புது அச்சு. அதனால் 1911 என்றால் குட்டை மூக்கு யானைதான் இருக்க வேண்டும்.

பையனின் காசில் தும்பிக்கை அழகாகக் கீழே இறங்கியிருந்தது. பிறகு வருடத்தைப் பார்த்தோம். கடைசி 1-ஐச் சுற்றி ஒரு கடுகளவு இடம் மட்டும் மற்ற இடத்தைவிடப் பளபளப்பு. அதில் ஒரே திசையில் மெல்லிய கீறல்கள். 1-இன் தண்டு பக்கத்து 1-ஐவிட ஒல்லி, லேசாகச் சாய்வு. அது 1917. ஏழின் மேல்கோட்டைச் சீவி எடுத்து ஒன்றாக்கியிருக்கிறார்கள். உலோகம் அசல், அடித்தது அரசாங்க அக்கசாலை, வருடம் மட்டும் பொய். எந்த மெஷினும் இதைச் சொல்லாது. "தம்பி, இது நல்ல வெள்ளி ரூபாய், ஆனா 1911 இல்ல" என்று சொல்லி லென்ஸை அவன் கையில் கொடுத்தேன். அவனே பார்த்துத் தெரிந்துகொண்டான். அப்படிப் பார்க்கவைப்பதுதான் சரி. வாய்ப்பேச்சாகச் சொன்னால் நம்பிக்கை வராது.

இதே கதைதான் 1939-க்கும், இன்னும் பெரிய பணத்தில். அந்த வருடத்து ஆறாம் ஜார்ஜ் ரூபாய் 91.7 வெள்ளியில், பல் விளிம்போடு பம்பாயில் அடித்தது. வெளியே தப்பி நின்றவை மிகக் குறைவு. சேகரிப்பவர்கள் தேடும் காசு என்பதால் போலியும் ஏராளம். 1938-இன் எட்டில் கீழ் இடப்பக்கத்தை வெட்டினால் ஒன்பது வந்துவிடும். அதனால் உங்களிடம் 1939 என்று யாராவது நீட்டினால், ஒரு அசல் 1938-ஐப் பக்கத்தில் வைத்து 1, 9, 3 மூன்றும் வடிவத்திலும் இடைவெளியிலும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். ஒத்துப்போனால் கடைசி எண்ணுக்குள்ளே பாருங்கள், வெட்டின தடம் இருக்கிறதா என்று. ஒத்துப்போகாவிட்டால் புதிய அச்சில் அடித்த முழுப் போலியாக இருக்க வாய்ப்பு. அப்படிப்பட்டதில் இன்னொரு தடயமும் கிடைக்கும்: ஒரே வியாபாரியிடம் இரண்டு 1939 இருந்து, இரண்டிலும் ஒரே இடத்தில் ஒரே கீறல் இருந்தால், இரண்டும் ஒரே தாயிலிருந்து பிறந்தவை. உண்மையான கீறல் ஒரு காசுக்கு மட்டும்தான் சொந்தம். என் அபிப்பிராயம், 1939-ஐ நடைபாதையிலோ போனில் படம் பார்த்தோ வாங்கவே கூடாது.

அச்சு திசையும் பாருங்கள். ஜார்ஜ் ரூபாய்களில் தலையை நேராகப் பிடித்துக்கொண்டு காசைப் பக்கவாட்டில் திருப்பினால் பின்பக்கமும் நேராகவே நிற்கும். தலைகீழாக நின்றால் விசாரிக்க வேண்டும்.

கறுப்பைப் பற்றி. வெள்ளி பல வருடம் காற்றில் இருந்தால் கறுக்கும். எழுத்தின் அடியிலும் விளிம்பை ஒட்டியும் அடர்த்தியாக, நடுவில் மெலிதாக, நீலமும் பழுப்பும் கலந்து படியும். கந்தகம் போட்டு ஒரே நாளில் கறுக்கவைத்தது எல்லா இடத்திலும் ஒரே கறுப்பாக இருக்கும், விரலில் ஒட்டும், வாசனையும் அடிக்கும். கறுப்பே இல்லாமல் பளிச்சென்று இருப்பது போலி என்று அர்த்தமில்லை. நம் ஊரில் பொங்கலுக்கு விளக்கோடு சேர்த்துக் காசையும் தேய்த்த வீடுகள் அநேகம்.

சென்னைக்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு காசு உண்டு. 1808 வாக்கில் சென்னை மாகாணத்துக்காகக் கம்பெனி வெளியிட்ட வெள்ளி அரை வராகன். ஒரு பக்கம் கோபுரமும் சுற்றிலும் நட்சத்திரங்களும், மறுபக்கம் விஷ்ணு. ஆங்கிலம், பாரசீகம், தமிழ், தெலுங்கு நான்கும் அதில் இருக்கும். எடை 21 கிராமைச் சற்றுத் தாண்டும். ஸ்பானிய டாலர்களின் மேலேயே அடித்தவை உண்டு. லென்ஸில் பார்த்தால் கோபுரத்துக்கு அடியில் பழைய டாலரின் எழுத்து நிழலாகத் தெரிவது நல்ல சகுனம். இந்த ஊரின் சரித்திரம் அந்த ஒரு காசில் இருக்கிறது, எனக்கு அதன்மேல் தனிப் பிரியம். நகல்களும் நிறைய உண்டு, பெரும்பாலும் எழுத்து மழுங்கிய வார்ப்புகள். தமிழ் எழுத்தைப் பார்த்தாலே, தமிழ் தெரியாதவர் பார்த்து வரைந்ததா என்பது நமக்குப் புரிந்துவிடும்.

இதை அந்த '1818 ஆஞ்சநேயர் காசு', 'ராமர் பட்டாபிஷேகம் அரையணா' என்பவற்றோடு சேர்த்துவிடாதீர்கள். கம்பெனி பெயரும் அணாவும் சாமி உருவமும் போட்ட அந்தக் காசுகளைக் கம்பெனி வெளியிட்டதே இல்லை. அரிசியை இழுக்கும், இரிடியம் இருக்கிறது, கோடிக்குப் போகும் என்று பேசுகிறவர் வீட்டு வாசலுக்கு வந்தால் போலீசுக்குச் சொல்லுங்கள். குடும்பங்கள் சேமிப்பையெல்லாம் இழந்திருக்கின்றன.

முத்திரைக் காசுகள், சங்க காலச் சேரரின் 'மாக்கோதை' என்று பெயர் பொறித்த காசு போன்ற மிகப் பழையவற்றுக்கு மேலே சொன்ன வீட்டுச் சோதனைகள் போதாது. முத்திரைக் காசு சுமார் 3.3 கிராம் இருக்கும், மூலைகளை வெட்டி எடைக்குச் சரி செய்திருப்பார்கள், சின்னங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கும் என்பது வரை நாமே பார்க்கலாம். மிச்சத்தை அந்தத் துறையில் ஊறியவரிடம் விட்டுவிட வேண்டும். எழும்பூர் அருங்காட்சியகத்தின் நாணயக்கூடத்தில் ஒரு முழு மத்தியானம் செலவழியுங்கள். அசலைக் கண்ணால் பார்த்துப் பழகிய கண்ணுக்குப் போலி தானாகவே உறுத்தும்.

விற்பவர் சொல்லும் கதைக்கும் காது கொடுங்கள். "வீடு கட்ட அஸ்திவாரம் தோண்டும்போது பானையில் கிடைத்தது, ரகசியமா விக்கிறேன்" என்றால் உடனே விலகிவிடுங்கள். பொய் என்றால் காசு போலி. உண்மை என்றால் 1878-ஆம் வருடப் புதையல் சட்டப்படி பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எந்தப் புதையலையும் கலெக்டருக்குத் தெரிவித்தாக வேண்டும். நீங்களும் சேர்ந்து மாட்டுவீர்கள். நூறு வருடம் தாண்டிய காசுகள் 1972-ஆம் வருடச் சட்டப்படி தொல்பொருள் என்பதால் வெளிநாட்டில் இருக்கும் மகனுக்குப் பார்சல் போடுவதும் கூடாது.

பெரிய தொகை என்றால் பில் இல்லாமல் வாங்காதீர்கள். பில்லில் 'பழைய வெள்ளிக் காசு' என்று எழுதினால் ஒப்புக்கொள்ளாதீர்கள். வருடம், அக்கசாலை, எடை, அசல் என்ற வார்த்தை, போலி என்று தெரிந்தால் திருப்பி எடுப்போம் என்ற வரி எல்லாம் வேண்டும். எழுதத் தயங்குபவரிடம் வாங்க வேண்டாம். என்.ஜி.சி., பி.சி.ஜி.எஸ். போன்ற நிறுவனங்கள் சோதித்து, தரம் போட்டு, பிளாஸ்டிக் பெட்டியில் அடைத்துக் கொடுத்த காசு என்றால், பெட்டியில் உள்ள எண்ணை அந்த நிறுவனத்தின் தளத்தில் போட்டுப் படத்தோடு ஒப்பிடுங்கள். பெட்டியையே போலியாகச் செய்கிறார்கள். இன்னொன்று, அக்கசாலையே பழைய அச்சில் பிற்காலத்தில் சேகரிப்பாளர்களுக்காக மறுபடி அடித்துக் கொடுத்த காசுகளும் உண்டு. கண்ணாடி போன்ற தரையும் கத்தி போன்ற விளிம்பும் வைத்து அவற்றைக் கண்டுபிடிக்கலாம். அவை போலி இல்லை, ஆனால் முதல் அடிப்பின் விலையைக் கேட்டால் கொடுக்க வேண்டியதில்லை. எது என்று பில்லிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.